உதடு முந்தி, குரல் பிந்தி

வீடியோ எடுக்கிற தம்பிகளே, போன மாதம் உங்களில் ஒருவர் எடுத்துக் கொடுத்த கல்யாண வீடியோவை எங்கள் வீட்டில் போட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளை தாலியைக் கட்டி முடித்து, நிமிர்ந்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்கிறார். அதற்குப் பிறகு சாவகாசமாகக் கெட்டிமேளம் வருகிறது. பெண்ணின் அப்பா வாயை மூடிக்கொண்டே "வாங்க, வாங்க" என்கிறார். எடுத்தவரைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். "அண்ணா, ஆரம்பத்துல எல்லாம் சரியாத்தான் கீது. போவப் போவ கொஞ்சம் நவுந்துடுச்சு. இதையெல்லாம் யாரு கவனிக்கப் போறாங்க?" என்றார்.

போனை வைத்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருந்தால் அவரைப் பெற்றவர்களையும் சேர்த்து இழுத்திருப்பேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

யார் கவனிக்கப் போகிறார்களா? கடையை மகள் கையில் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கிறவன் நான். யாருக்கும் புத்தி சொல்கிற வேலை எனக்கு வேண்டாம் என்றுதான் ஒதுங்கியிருந்தேன். ஆனால் இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது. உதட்டுக்கும் குரலுக்கும் நடுவில் விழுந்த ஒரு சின்ன இடைவெளியில் ஒரு குடும்பத்தின் சோறு விழுந்து போகப் பார்த்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பழவேற்காட்டில் நான் ஸ்டுடியோ நடத்திய கடைசி வருடங்களில் நடந்தது. ஏரிக்குள் இருக்கும் ஒரு தீவுக் குப்பம். பேர் வேண்டாம். அந்த ஊர்க் கல்யாணங்கள் இன்னும் நம் ஆட்களுக்குத்தான் வருகின்றன.

அந்த ஊரில் ஏரியை அவரவர் இஷ்டத்துக்கு அள்ள முடியாது. எந்த முறைக்கு எந்த இடத்தில் யார் வலை போடலாம் என்று ஊர் கூடிப் பிரித்துக்கொள்ளும். அந்த முறைக்குப் பாடு என்று பேர். பாடு இருக்கிற வீட்டில் இறால் காலத்தில் அடுப்பு எரியும். பாடு இல்லாத வீட்டுப் பெண்கள் சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்து, கையால் தடவித் தடவி இறால் பொறுக்க வேண்டியதுதான். அந்த ஊர் வழக்கப்படி கல்யாணமான ஆணின் பேரில்தான் பாடு. அவன் செத்தால் அதுவும் அவனோடு போய்விடும்.

தேசம்மா அந்த ஊர்க்காரி. புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான். இரண்டும் பெண் பிள்ளைகள். அந்த வருடம் கங்கையம்மன் திருவிழாவுக்குப் படம் எடுக்க நானும் பாபுவும் போயிருந்தோம். பாபு என்னோடு வேலை செய்தவன், கேமரா பிடிப்பதில் கெட்டிக்காரன். திருவிழா முடிந்த மறுநாள் கோயில் மண்டபத்தில் ஊர்க் கூட்டம். அதையும் எடுத்துவிடுங்கள் என்றார்கள். அந்தக் கூட்டத்தில்தான் தலைவர் எழுந்து நின்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"அந்தப் பொண்ணோட பாடு அவ வூட்டுக்கே இருக்கட்டும். அவ தம்பி வலை போடுவான். பெரிய பொண்ணுக்குக் கல்யாணம் ஆவுற வரிக்கும் எவனும் அதுல கை வெக்கக் கூடாது."

அந்த ஊரில் கூட்டம் தொடங்கும்போது கோயில் மணியை ஒருமுறை அடிப்பார்கள். தீர்ப்பு சொன்னதும் இன்னொருமுறை. இரண்டாவது மணி அடித்தால் அதற்கு மேல் பேச்சில்லை. எழுதி வைக்கிற பழக்கமெல்லாம் கிடையாது. அன்றைக்கும் பூசாரி இரண்டாவது மணியை அடித்தார்.

அடுத்த வருடம் தலைவரின் இளைய மகனுக்குக் கல்யாணம் ஆனது. புதுக் குடித்தனத்துக்குப் பாடு வேண்டும். ஏரி ஒன்றும் வளரப் போவதில்லை, இருக்கிற பாடு இருக்கிறதுதான். உடனே தலைவருக்கு மறதி வந்துவிட்டது. "அந்த ஒரு வருசம் மட்டும் அவ தம்பி போவட்டும்னு சொன்னேன். அதுக்கு மேல நா ஒண்ணும் சொல்லலியே" என்றார். அவர் சொன்னதைக் கேட்ட அத்தனை ஆண்களும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவராவது வாயைத் திறக்க வேண்டுமே! தலைவரைப் பகைத்துக்கொண்டால் நாளைக்குத் தன் பாட்டுக்கு ஆபத்து என்று எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

தேசம்மா படகேறி நேராக என் கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அண்ணா, அன்னிக்குக் கூட்டத்துல உன் கேமராவுல செவப்பு லைட்டு எரிஞ்சிகினு இருந்துச்சு. வேலி ஓரமா நின்னு நா பாத்தேன். அது கீதா, அழிச்சிட்டியா?"

இருந்தது. கடைக் கணினியில் போட்டுக் காட்டினேன். சுத்தமான எச்டி படம், தலைவரின் மீசை நரை ஒவ்வொன்றாகத் தெரிகிறது. உதடும் குரலும் துளிப் பிசகில்லாமல் சேர்ந்து போகின்றன. தேசம்மா முழுவதையும் நின்றபடியே பார்த்தாள்.

"இத்த அவங்க மூஞ்சிக்கு எதுர போடு. நா வேற ஒண்ணும் கேக்கல" என்றாள்.

பாடு பிரிக்கிற கூட்டம் அந்த வாரமே இருந்தது. மடிக்கணினியைத் தார்ப்பாயில் சுற்றிக்கொண்டு நானும் பாபுவும் படகில் போனோம். கேமரா இல்லாமல் நான் எங்கும் போவதில்லை, அதுவும் பையில் இருந்தது. மண்டபத்தில் ஊருக்குப் பொதுவான பெரிய டிவி ஒன்று உண்டு. அதன் சொந்த ஸ்பீக்கர் உப்புக் காற்றில் எப்போதோ செத்துவிட்டது. கோயிலுக்கென்று தனியாக ஒரு ஸ்பீக்கர் பெட்டி வைத்திருந்தார்கள், புளூடூத்திலும் பாடும், ஒயரிலும் பாடும். படத்துக்குக் கேபிளைச் செருகிவிட்டு, பெட்டியைப் பக்கத்தில் கொண்டு வாருங்கள், அதற்கும் ஒயர் போட்டுக்கொள்கிறேன் என்றேன்.

"பெட்டி வேலி ஓரமாவே கெடக்கட்டும்," என்றார் தலைவர். "பொம்பளைங்க அந்தாண்ட நிக்கிறாங்க. அவங்களுக்கும் கேக்கோணும் இல்ல? உள்ளயா வரப் போறாங்க?"

ஊர்க் கூட்டத்துக்குள் பெண்கள் காலெடுத்து வைக்கக் கூடாது. வேலிக்கு வெளியே, காயப்போட்ட வலைகளுக்கு நடுவில் நின்று கேட்டுக்கொள்ளலாம். தேசம்மாவும் அங்கேதான் நிற்க வேண்டும், அவளுடைய வழக்கே ஆனாலும். டிவியை ஆண்கள் பார்ப்பார்கள், சத்தம் பெண்கள் பக்கத்திலிருந்து வரும். என்னிடம் இருந்த ஒயர் அவ்வளவு தூரம் எட்டாது. வேறு வழியில்லாமல் புளூடூத்தில் இணைத்துவிட்டுப் படத்தைப் போட்டோம்.

போட்ட உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ சரியில்லை. திரையில் தலைவரின் வாய் ஒரு வார்த்தை முன்னால் போகிறது. குரல் ஒரு வார்த்தை பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது. அவர் பேசி முடித்து உதட்டை மூடிய பிறகு வேலியோரத்துப் பெட்டி "வெக்கக் கூடாது" என்கிறது. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. அந்த மனிதர் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"நிறுத்து, நிறுத்து! வாயி ஒண்ணு சொல்லுது, கொரலு ஒண்ணு சொல்லுது. இது என் பேச்சே இல்ல. எவனையோ வுட்டுப் பேச வெச்சு என் வாயில ஒட்டிக்கீறாங்க. சினிமாவுல பண்றானுங்க இல்ல, அந்த மேரி!"

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் அப்போதுதான் வாய் முளைத்தது. "ஆமாம்பா, ஒட்டுதான்." "நல்லாத் தெரியுதே." "இன்னா வீடியோக்கார நைனா, எங்களையே டபாய்க்கிறியா?" உண்மையைச் சொல்ல வராத வாய், பொய்க்கு ஒத்து ஊத எப்படித்தான் வருகிறதோ! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இந்த நேரத்தில்தான் பாபு அந்தக் காரியத்தைச் செய்தான். நாம் பயன்படுத்துகிற பிளேயரில் சத்தத்தை மட்டும் முன்னே பின்னே நகர்த்தும் விசை உண்டு, உங்களுக்குத் தெரியும். பதற்றத்தில் பாபு அதைத் தட்டத் தொடங்கிவிட்டான். தட்டத் தட்ட, ஊரே பார்க்கிற டிவியில், குரல் நகர்கிறது. ஒரு தட்டு கூடிப் போய் இப்போது குரல் முந்திக்கொண்டு உதடு பிந்தியது.

தலைவருக்கு அதைவிட என்ன வேண்டும்? "பாத்துக்கோ! எல்லாரும் நல்லாப் பாத்துக்கோ! என் கொரலு இவன் கையில கீது. வேணும்னா முன்ன இழுக்குறான், வேணும்னா பின்ன தள்றான். நாளிக்கு என் வூட்டையே இவனுங்களுக்கு எழுதித் தந்துட்டேன்னு சொல்ல வெப்பானுங்க!"

நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள். ஒருவன் டிவி கேபிளைப் பிடுங்க வந்தான். வேலிக்கு அப்பால் தேசம்மாவுக்குத் திரை தெரியாது. தலைவரின் குரல் பெட்டியில் கேட்கிறது, அது போதும் என்று அவள் நினைத்திருக்க, உள்ளே கூச்சல் எழுகிறது. "அண்ணா! இன்னா ஆச்சு? ஏன் நிறுத்திட்ட?" என்று அவள் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் பாபுவின் கையைத் தட்டிவிட்டேன். "கையை எடுடா!" என்று கத்திய கத்தலில் கேபிளைப் பிடுங்க வந்தவனே நின்றுவிட்டான்.

நீங்களும் அந்த விசையைத்தான் தட்டியிருப்பீர்கள். இல்லையென்று என்னிடம் சொல்லாதீர்கள். கை தானாகப் போகும். வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கிறவனுக்கு அது நல்ல விசைதான். ஆனால் சந்தேகம் வந்துவிட்ட இடத்தில், நாலு பேர் கண் முன்னால், குரலை நகர்த்துகிறவன் திருடனாகத்தான் தெரிவான். நீ சரியாக நகர்த்தினாலும் திருடன்தான். ஃபைலைத் தொடாதே, பிளேயரைத் தொடாதே. முதலில் கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடி. அது தெரியாமல் வெளியே தெரிகிறதை மட்டும் பூசி மெழுகினால், பூசின கையோடு மாட்டிக்கொள்வாய்.

அந்தக் கூச்சலில் யோசிப்பது லேசான வேலையாக இல்லை. எனக்கு நானே ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். குரல் போகப் போகப் பிந்துகிறதா, தொடக்கத்திலிருந்து ஒரே அளவில் பிந்துகிறதா? போகப் போக இடைவெளி கூடினால் கணினி அவ்வளவு பெரிய படத்தை இழுக்க முடியாமல் திணறுகிறது, அல்லது ஃபைலை மாற்றும்போது கணக்குப் பிசகியிருக்கிறது. போன மாதம் நான் பார்த்த கல்யாணத்தில் அதுதான் கதை. ஒரே அளவில் நின்றால் ஃபைலும் கணினியும் பெரும்பாலும் சுத்தம், சத்தம் வருகிற வழியில்தான் தாமதம். இதை எதை வைத்து அளப்பது? உதட்டைக் காட்டினால் சண்டை. கண்ணுக்கும் தெரிய வேண்டும், காதுக்கும் கேட்க வேண்டும், எவனும் மறுக்க முடியாததாக இருக்க வேண்டும்.

கோயில் மணி இருந்தது.

"தீர்ப்பை விடுங்க," என்றேன். "நீங்க மணியை மட்டும் பாருங்க."

பாபு நகர்த்தியது அழியட்டும் என்று பிளேயரை மூடி, எல்லாரும் பார்க்க மறுபடி திறந்து, தொடக்கத்திலிருந்து போட்டேன். பூசாரியின் கை மணியை அடிக்கிறது, சத்தம் பிந்தி வருகிறது. பிறகு தீர்ப்பின் முடிவுக்குப் போனேன். கை அடிக்கிறது, சத்தம் அதே அளவு பிந்தி வருகிறது. கூடவுமில்லை, குறையவுமில்லை. எனக்குக் கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது.

"தலைவரோட குரலை நா ஒட்டிட்டேன், சரி. மணிச் சத்தத்தை இன்னாத்துக்கு ஒட்டப் போறேன்? பூசாரி ஐயா, அது உங்க கைதானா? நம்ம மணிதானா?"

"என் கைதான். நம்ம அம்மன் மணிதான்," என்றார் பூசாரி. தலைவரைப் பார்க்காமல் சொன்னார்.

"மணியையும் சேத்துதான் ஒட்டிக்கீறான்," என்றார் தலைவர். இந்தத் தடவை சிலர் அவரைப் பார்த்தே சிரித்தார்கள்.

"யாரும் எதையும் ஒட்டல. அந்தப் பெட்டிக்குச் சத்தம் காத்துல போவுது. பழைய பெட்டி, வாங்கி உள்ள வெச்சிகினு மெதுவாத்தான் துப்பும். டிவிக்குப் படம் கேபிள்ல வந்துடுது. பெட்டியை இங்க கொண்டாங்க, ஒயரு போடறேன். விசை எதையும் தொட மாட்டேன். என் கை ரெண்டும் உங்க கண்ணு முன்னாலயே இருக்கும்."

"பெட்டி அங்கதான் இருக்கும்!" தலைவர் எழுந்தே விட்டார். "பெட்டி நவுந்தா பொம்பளைங்களுக்கு எப்படிக் கேக்கும்? அவங்களுக்கும் தெரியோணும் இல்ல?"

பெண்களின் காது மேல் என்ன கரிசனம், பார்த்தீர்களா! ஒரு பெண்ணின் பாட்டைப் பிடுங்குவதற்கு ஊர்ப் பெண்களின் காதையே கேடயமாகப் பிடிக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் மடிக்கணினியை மூடிக்கொண்டு படகுக்கே போயிருப்பேன்.

அப்போது வேலிப் படல் கிரீச்சென்றது. தேசம்மா அந்தப் பெட்டியின் ஒரு கைப்பிடியைப் பிடித்துத் தூக்கியிருந்தாள். இன்னொரு பக்கத்தை வேறொரு பெண் பிடித்திருந்தாள். இரண்டு பேரும் பெட்டியோடு மண்டபத்துக்குள் நடந்து வந்தார்கள். பின்னால் மற்றப் பெண்களும் வந்தார்கள்.

"ஏய், ஏய்! பொம்பளைங்க உள்ள வரக் கூடாது!" என்று கத்தினார் தலைவர்.

"நா எங்க மாமா வந்தேன்? பெட்டி வருது," என்றாள் தேசம்மா. "அத்த ஆராச்சும் தூக்கோணும் இல்ல? உங்க ஆளுங்கதான் ஒருத்தரும் கையக் காலை அசைக்கலியே."

என் காலடியில் பெட்டியை வைத்தாள். புளூடூத்தை அணைத்துவிட்டு ஒயரைச் செருகினேன். பாபுவை இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னேன். தொடக்கத்திலிருந்து ஓடவிட்டேன். பூசாரியின் கை மணியில் பட்டது, டங்கென்று கேட்டது. இரண்டும் ஒன்றாக. "ஹா" என்றார் பூசாரி. பிறகு தலைவரின் உதடு அசைந்தது, அந்த உதட்டிலிருந்தே குரல் வந்தது. பாடு அவ வூட்டுக்கே இருக்கட்டும். பெரிய பொண்ணுக்குக் கல்யாணம் ஆவுற வரிக்கும். எவனும் கை வெக்கக் கூடாது. இரண்டாவது மணி.



தலைவர் தொண்டையைக் கனைத்தார். "சரி, சொன்னேன்னே வெச்சுக்கோ. நா ஒருத்தன் சொன்னா ஆச்சா? ஊரு ஒத்துக்கிச்சா? எங்க ஒத்துக்கிச்சு, காட்டு பாக்கலாம்."

நான் எதையும் நிறுத்தவில்லை, படம் ஓடிக்கொண்டே இருந்தது. முந்தின வருடம் மணி அடித்ததும் பாபு கேமராவை மெதுவாகக் கூட்டத்தின் பக்கம் திருப்பியிருந்தான். அவன் கையைத் தட்டிவிட்டேனே, அதே கைதான். திரையில் ஒவ்வொரு முகமாக வந்தது. ஒருவர் தலையாட்டுகிறார். ஒருவர் "நல்ல வார்த்த சொன்ன" என்கிறார். ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பி "அதானே நியாயம்" என்கிறார். எல்லாம் எச்டி, தப்பிக்க வழியில்லை. அதுவரை திரையையே பார்த்திராத பெண்கள் இப்போது நேர் எதிரில் நின்றிருந்தார்கள்.

"தோ! எங்க வூட்டுக்காரு! தலைய ஆட்டிகினு கீது பாரு!"

"இன்னாய்யா, அன்னிக்கு நா தூங்கிப்புட்டேன்னு சொன்ன? கண்ணு ரெண்டும் தொறந்துகினுதான கீது?"

"அண்ணே, 'அதானே நியாயம்'னு நீதான சொல்ற? இப்ப ஏன் தரையில இன்னாத்தையோ தேடிகினு கீற?"

தலைவர் மேல் எனக்கிருந்த கோபத்தைவிட இந்த ஆட்கள் மேல் இருந்த கோபம் பெரிது. தலைவர் தன் மகனுக்காகப் பொய் சொன்னார். இவர்கள் சும்மா இருந்தார்கள், அவ்வளவுதான். கேட்ட காது அத்தனையும் அங்கே இருக்க, ஒரு கணினி ஏரியைத் தாண்டி வர வேண்டியிருந்தது. ஒயர் எட்டாத ஒரு அற்பக் காரணத்தை வைத்து அதையும் பொய்யாக்கப் பார்த்தார்கள். இதைத்தான் தம்பி, யாரும் கவனிக்க மாட்டார்கள் என்கிறாய். எவனுக்கு அது வேண்டுமோ அவன் கவனிப்பான். உன் பிசகுக்காக ஒருவன் எப்போதும் காத்துக்கொண்டிருக்கிறான்.

தலைவர் மெல்ல உட்கார்ந்தார். "சொன்னேன்," என்றார். "பாடு அவளுக்கே. என் பையன் அடுத்த முறை வரிக்கும் காத்துகினு இருக்கட்டும்." பூசாரிக்குச் சைகை காட்டினார், பூசாரி மணிக்கயிற்றைப் பிடித்தார்.

"இரு சாமி, அடிக்காத," என்றாள் தேசம்மா. நடு மண்டபத்தில், பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். "மாமா சொன்னது போதாது. அன்னிக்கும்தான் சொன்னாரு, மணியும்தான் அடிச்சீங்க. இங்க கீற ஆம்பளைங்க ஒவ்வொருத்தரா ஏந்து, நா காதால கேட்டேன்னு வாயத் தொறந்து சொல்லட்டும். அப்பறம் அடி."

யாரும் அசையவில்லை. பெண்களும் வெளியே போகவில்லை. கடைசியில் 'அதானே நியாயம்' என்று சொன்ன மனிதர் வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் தேசம்மா கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, கேமரா எடுத்தாந்துகீற இல்ல?"

"எடுத்தாந்தேம்மா."

"போடு அந்த செவப்பு லைட்ட. அடுத்த வருசமும் இவங்களுக்கெல்லாம் காது அடச்சிக்கும்."